குளிரூர்க்காரன்

ஏட்டு வருவார் என்று அழகுராஜா முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டான். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்வதுபோல அவ்வளவு சாவகாசமாகச் சொன்னான்.

"போட்டோவக் காட்டுவாக. தெரியாதுன்னு சொல்லணும். பாத்த மாதிரி இருக்கு, ஞாபகம் இல்ல, அப்படியெல்லாம் இழுக்கக் கூடாது. தெரியாது. அம்புட்டுத்தான்."

"பொய்யின்னு கண்டுபிடிச்சுட்டா?" என்று கேட்டாள் இன்பம்.

"யாரு கண்டுபிடிக்கப்போறா? இங்க பாருங்க. இந்தியாக்காரன் இல்லன்னு இங்கன இருந்து எழுதிப் போயிட்டா, அவங்க டென்னிச எங்க அனுப்புவாக? அனுப்ப ஊரில்லாத ஆள விட்டுத்தான ஆகணும்? வெளிய விட்டா அங்கனயே வேலை, அங்கனயே பேப்பரு. அடுத்த வருசம் நீங்களும் பிள்ளையும் போயி ஐஸ்ல வெளாடலாம்."

வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றிவிடும் அழகுராஜாவுக்கு வாய் மட்டும்தான் மூலதனம். அந்த வாயை நம்பித்தான் இன்பத்தின் புருசன் டென்னிஸ் வீட்டடி மனையை விற்றுவிட்டு விமானம் ஏறியிருந்தான். போன தேசத்தின் பேர் ஆமத்தூரில் அந்த வீட்டில் ஒருத்தர் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. குளிரூர் என்று மகள் ஜெபிஷா வைத்த பேரே நிலைத்துவிட்டது.

டென்னிஸ் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடித்துவிட வேண்டிய வேலை. விடியும்போதே போய், மற்ற ஆட்கள் வரும் நேரத்துக்குக் கைகால் கழுவிக்கொண்டு நிற்பான். என்ன கழுவினாலும் காது மடலில் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கும். சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அந்தக் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். வேலை போனவர்களில் சிலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் புரோட்டாக் கடையில் மாவு பிசையப் போனார்கள். டென்னிசுக்கு அழகுராஜா கிடைத்தான்.

திட்டம் எளிதானது. குளிரூரில் இலங்கைத் தமிழன் என்றால் தங்க இடம் கொடுப்பார்கள், இந்தியாக்காரன் என்றால் திருப்பி அனுப்புவார்கள். எனவே டென்னிஸ், அன்ரன் என்ற இலங்கைக்காரன் ஆகவேண்டும். கூட மருந்து கலக்கிய சீலன் அகதி முகாமில் வளர்ந்தவன். அவன் தன் தாய்தகப்பன் ஊரையே டென்னிசுக்கு இரவல் கொடுத்தான். மாதா கோயில் எந்தப் பக்கம் பார்த்திருக்கும், கிணற்றில் தண்ணீர் உப்பா நல்லதா, கடற்கரைக்கு எந்த ஒழுங்கையால் போகவேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, பேச்சையும் திருத்தினான். வீட்டில் டென்னிஸ், "தேத்தண்ணி தாருங்கோ" என்று கேட்பான். ஜெபிஷா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவன் முதுகில் ஒரு பெரிய தழும்பு உண்டு. காயப்போட்டிருந்த மருந்து பற்றிக்கொண்டபோது வெந்தது. அழகுராஜா அவன் சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு போதும்ணே. ராணுவம் சுட்டதுன்னு சொல்லிருங்க" என்றான். ஆமத்தூரான் முதுகில் சிவகாசி மருந்து போட்ட தழும்பு, அப்படித்தான் கடல் தாண்டியது. போனதுகூட வேறு எவனோ ஒருத்தன் பாஸ்போர்ட்டில். ஆக, டென்னிஸ் என்று ஒருத்தன் ஊரைவிட்டுப் போனதாக எந்தக் காகிதமும் சொல்லாது.

எல்லைக் காவல்காரர்கள் அவனைப் பிடித்துக் கையில் நம்பர் கட்டி உள்ளே வைத்ததும், அவன் போனைத் துருவினார்கள். அதில் ஆமத்தூர் நம்பர் ஒன்று கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது ஏட்டு வருகிறார்.

இன்பம் கல்யாணப் போட்டோவை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். அந்த இடத்தில் ஒரு நாள்காட்டியை மாட்டினாள்.

மறுநாள் உச்சி வெயிலில் ஏட்டு முத்துக்கிருஷ்ணன் வந்து பைக்கை வேப்பமர நிழலில் நிறுத்தினார். பட்டாசு சீசன் நேரத்தில் லீவு போட்டதற்குத் தன் கம்பெனி போர்மேனிடம் வசவு வாங்கிக்கொண்டு இன்பம் வீட்டில் இருந்தாள். மாமனார் வேதமாணிக்கம் வீங்கிய காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சர்ச்சில் மணியடித்து, பெஞ்சு துடைத்து வாழ்ந்த மனுசர்.

"வாங்கய்யா. மோர் குடிக்கீகளா?"

"குடு. வெயிலு கொல்லுது." ஏட்டு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு படத்தை உருவி நீட்டினார். "யாரும்மா இது?"

வெள்ளைச் சுவர் முன்னால் நெஞ்சுக்கு நேராக ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு டென்னிஸ் நின்றான். ஊரைவிட்டுப் போனபின் இன்பம் அவன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடி வளர்ந்து, அதில் ஒரு பக்கம் நரைத்திருந்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. இந்த மனுசனுக்கு அங்கே யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்க வாய் துடித்தது. படத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும்போல இருந்தது. அதற்காகவே சட்டென்று திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியலங்கய்யா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். தெரியல."

"இவன் போன்ல ஒன் நம்பர் கெடந்துருக்கே?"

"கம்பெனிக்கு ஆளு சேக்கதுக்கு எல்லார்ட்டயும் நம்பரக் குடுக்கோம். யாரு யாரு வச்சிருக்காகளோ."

"ஒன் வீட்டுக்காரன் எங்க?"

"விட்டுட்டுப் போயிட்டாக."

"எங்க போனான்?"

"சொல்லிட்டா போவாக?"

"அதுவும் சரிதான்" என்று ஏட்டு சிரித்தார். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் அடுத்தவர் பொய் சொல்வதை உட்கார்ந்து ரசிக்கிற பழக்கம் அவரிடம் இருந்தது. "பெரியவரே, நீரு பாரும். ஒம்ம மகன் இல்லையே?"

வேதமாணிக்கம் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "எனக்கு ஒரு மகன் இருந்தான். இது அவன் இல்ல" என்றார். சொல்லிவிட்டுக் காலைத் தடவ ஆரம்பித்தார்.

சத்துணவு பிடிக்காமல் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரும் ஜெபிஷா அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். ஏட்டு அவளைக் கூப்பிட்டு, "பாப்பா, இது யாரு?" என்றார்.

ஜெபிஷா படத்தைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, நிதானமாகப் பார்த்தாள். "தெரியாது அங்கிள். யாரு இது, திருடனா?"

ஏட்டு கடகடவென்று சிரித்துவிட்டார். "கெட்டிக்காரி" என்று அவள் தலையைத் தட்டினார். பிறகு தானே ஒரு தாளில் எழுதினார். படத்தில் இருப்பவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல, அவரை நாங்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. இன்பம் கையெழுத்துப் போட்டாள், வேதமாணிக்கமும் போட்டார்.

பைக் சத்தம் மறைந்ததும் இன்பம் மகள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நீங்கதான சொல்லச் சொன்னீக?" என்று ஜெபிஷா அழுதாள்.

"தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன். திருடன்னு சொல்லச் சொன்னேனா?"

அன்று கருவாட்டுக் குழம்பு. மூன்று பேரும் தட்டைத் தொடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதமாணிக்கம் சர்ச்சுக்குப் போனார். ஆனால் திருவிருந்து எடுக்க எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டார். கால் வலி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு டென்னிஸ் சீலன் போனுக்குத்தான் பேசினான். தடுப்பு முகாமில் பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்கிறார்கள் என்று அழகுராஜா பயமுறுத்தியிருந்தான். அதனால் டென்னிஸ் ஊர்ப்பேச்சை மறந்தும் பேசவில்லை. சீலன் பைக்கில் போனைக் கொண்டுவருவான். இன்பம் கண்மாய்க் கரையில் நின்று பேசுவாள்.

"அக்கா, சுகமா இருக்கிறியளோ?"

"சுகமா இருக்கேன் தம்பி."

கட்டின புருசன் அக்கா என்று கூப்பிடுகிறான், இவள் தம்பி என்கிறாள். முதல் தடவை இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்தடுத்து வரவில்லை.

"பிள்ளை படிக்கிறாளோ?"

"படிக்கா. அங்கன சாப்பாடெல்லாம் எப்படி?"

"அவிச்ச உருளைக்கிழங்கு, பாண். உப்பில்லை அக்கா. ஒரு நாளைக்கு மூண்டு தரம் எங்களை எண்ணுவினம். கட்டிலுக்குப் பக்கத்தில எழும்பி நிக்க வேணும். ஜன்னல் திறக்க ஏலாது. மற்றப்படி சுகம்."

இன்பத்துக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும்போல இருக்கும். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு தூங்கும் மனுசன், வெஞ்சனம் காரமில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடும் மனுசன், இப்போது உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் பற்றி யாரோ ஒரு அக்காவிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அங்கே பரீட்சைமேல் பரீட்சை வைத்தார்கள். பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்கிற ஆள் ஒருத்தர் போனில் வந்து கிணற்றையும் ஒழுங்கையையும் பற்றிக் கேட்டார். டாக்டர் முதுகுத் தழும்பை அளவுகோல் வைத்துப் படம் பிடித்தார். எல்லாவற்றிலும் தேறிவிட்டான்.

தேறி என்ன செய்ய? அவன் சொன்ன பேரில் ஒரு பிறப்புப் பதிவும் இல்லை, எங்கள் ஆள் இல்லை என்று இலங்கை எழுதிவிட்டது. எங்கள் ஆளும் இல்லை என்று இந்தியா எழுதியது. அந்த இந்தியா எழுதியதற்கு ஆதாரம், மோர் குடித்துவிட்டு முத்துக்கிருஷ்ணன் எழுதிய அந்தத் தாள்தான். யாராவது ஒரு நாடு தன்னவன் என்று சொல்கிறவரை அவனை உள்ளேயே வைத்திருக்கலாம் என்று குளிரூர் அதிகாரிகள் கெடுவை நீட்டினார்கள். கெடு முடிந்தால் இன்னொரு கெடு. விட்டுத்தான் ஆகணும் என்ற அழகுராஜா, "கொஞ்சம் பொறுங்க" என்றான். பிறகு அவன் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

ஒரு மாதம் டென்னிசிடமிருந்து பேச்சே இல்லை. தீபாவளி நெருங்கிவிட்டதால் இன்பம் வேலை செய்த கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. மருந்து அடைத்த காகிதக் குழலைச் சக்கரமாகச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, தட்டில் அடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அவள் பெருவிரல் மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சீலன் அங்கேயே தேடி வந்துவிட்டான். முகத்தைப் பார்த்ததும் அவள் தூக்குச்சட்டியை மூடினாள்.

"உள்ளுக்க இருந்த ஒரு பெடியன் வெளியால வந்து எனக்குப் போன் எடுத்தவன்" என்றான் சீலன். "டென்னிஸ் சாப்பிடுறதில்லையாம். போர்வையக் கிழிச்சுக் கழுத்தில..."

"இருக்காகளா?"

"இருக்கிறான் அக்கா. கண்டு இறக்கிப்போட்டினம். இப்ப ஒண்டும் இல்லாத அறையில தனிய வச்சிருக்கினமாம். லைட் அணைக்கிறதே இல்லையாம். போன் பேச விடுறதில்லை."

தகரக் கூரையில் வெயில் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவனக் கூப்பிட்டிடுங்கோ" என்றான் சீலன். "எனக்கு ஊர் தெரியாது அக்கா. நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் எங்கட அம்மா சொன்னது. எனக்குத் தெரிஞ்சது முகாம்தான். உள்ளுக்க இருக்கிறது எண்டா என்னெண்டு தெரிஞ்சு சொல்லுறன்."

அன்று சாயங்காலமே இன்பம் மாமனாரிடம் சொன்னாள். உண்மையைச் சொன்னால், பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு ஜெயிலில் போட்டாலும் போடுவார்கள் என்றாள். வேதமாணிக்கம், "என்னைப் போடட்டும் தாயி. உசுரோட வந்துட்டான்னா போதும்" என்றார். அரிசி டிரம்மைக் கவிழ்த்துக் கல்யாணப் போட்டோவை எடுத்தார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? நல்லாப் பாருன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக."

"பொய் வாக்குமூலம் குடுத்துருக்க. கேசு போடலாம், தெரியுமா?"

"போடுங்கய்யா. அவுக வந்து சேந்த பொறவு போடுங்க."

"ஒன் இஷ்டத்துக்கு ஒரு நாளு தெரியாதும்ப, ஒரு நாளு புருசன்ப. பெரிய ஆபீசர்க எல்லாம் ஒனக்கு வேலைக்காரனா? ஒன் தாளு அங்கன வரைக்கும் போயிட்டும்மா. அத எப்படித் திருப்பி வாங்க?"

"தெரியாம எழுதிக் குடுத்துட்டோம்யா."

"தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்த" என்றார் ஏட்டு. ஆனாலும் புது வாக்குமூலத்தை வாங்கி மேலே அனுப்பினார்.

டென்னிசுக்கு ஒரு வார்த்தை தெரியப்படுத்த வேண்டும் என்று இன்பம் துடித்தாள். எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, இனிமேல் நடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும். சீலன் அந்தத் தடுப்பு முகாமோடு பேச எப்படியெல்லாமோ முயற்சி செய்தான். கைதியைப் பற்றிக் குடும்பத்தாரிடம் மட்டும்தான் பேசுவோம் என்று பதில் வந்தது. மனைவிதான் பேச விரும்புகிறார் என்று சொன்னான். அவருக்கு மனைவி கிடையாது, இந்தியாவிலிருந்து கையெழுத்தோடு வந்திருக்கிறதே என்றார்கள்.

தீபாவளி முடிந்து, கம்பெனிகள் பூஜை போட்டுத் திரும்பத் திறந்த பிறகு தகவல் வந்தது. விருதுநகரில் பெரிய ஆபீசில் வைத்து வீடியோவில் பார்க்கலாம். தூதரகத்து அதிகாரி டென்னிஸ் பக்கத்தில் இருந்து கேட்பார். நான் இந்தியன், இது என் குடும்பம் என்று அவன் வாயால் ஒத்துக்கொண்டால் பயணக் காகிதம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பைலை மூடிவிடுவார்கள்.

இன்பம் கல்யாணத்துக்கு எடுத்த ஊதாப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். ஜெபிஷாவுக்கு இரட்டைச் சடை போட்டாள். பஸ்ஸில் வேதமாணிக்கம் போட்டோவை மடியிலேயே வைத்திருந்தார். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா என்றால் டென்னிசுக்கு உயிர் என்று அவர் யாரும் கேட்காமலே சொன்னார். வந்ததும் அவனை நேரே இங்கே கூட்டிவந்து சாப்பிட வைக்கவேண்டும் என்றார். இன்பத்துக்கும் அந்த எண்ணம்தான். அவள் மனசில் சந்தோஷம் இருந்தது. இனி என்ன, முகத்தைப் பார்த்தால் ஓடிவந்துவிடுவான்.

அறையில் பெரிய டிவி. மூன்று பேரையும் அதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பின்னால் இன்ஸ்பெக்டரும், ஏட்டு முத்துக்கிருஷ்ணனும், ஒரு பெண் போலீசும் நின்றார்கள். டிவியில் ஒரு மேசை தெரிந்தது. கோட்டுப் போட்ட அதிகாரி தமிழில் வணக்கம் சொன்னார். பிறகு ஒரு காவல்காரன் டென்னிசை அழைத்துவந்து உட்கார வைத்தான். மொட்டை அடித்திருந்தார்கள். கழுத்தில் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது.

"அப்பா" என்றாள் ஜெபிஷா.

டென்னிஸ் நிமிர்ந்தான். அவன் கண் முதலில் மகளிடம் போனது, பிறகு தகப்பனிடம், பிறகு இன்பத்திடம். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்ற காக்கிச் சட்டைகளிடம் போய் அங்கேயே நின்றுவிட்டது. இன்பம் அதைப் பார்த்துவிட்டாள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை ஐயா. தெரியாது."

"இவங்க உங்க மனைவி இல்லையா?"

"இந்த அக்காவை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆரோ ஆளை மாறிக் கூட்டிக்கொண்டு வந்திட்டினம்."

"ஏங்க" என்று எழுந்துவிட்டாள் இன்பம். "நான் எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. நானாத்தான் வந்து சொன்னேன். யாரும் மெரட்டல. ஒத்துக்கோங்க. ஒத்துக்கிட்டா வீட்டுக்கு விட்டுருவாக."

பெண் போலீஸ் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தக் கை தோளில் விழுந்ததை டென்னிஸ் பார்த்தான். அவன் தாடை இறுகியது. போலீஸ் அடித்துச் சொல்லவைக்கிறது என்று அவன் முடிவு செய்துவிட்டான் என்பது இன்பத்துக்கு எழுத்துக்கூட்டிப் படித்ததுபோல் விளங்கியது. இவர்கள் கூண்டோடு மாட்டிக்கொண்டார்கள், தான் வாய் திறந்தால் இவர்கள் முன்னால் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும், கம்பி எண்ண வேண்டிவரும். பாவி மனுசன், இவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

வேதமாணிக்கம் கல்யாணப் போட்டோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "ஏலே டென்னிசு, அப்பன்டா. நாந்தான் கையெழுத்துப் போட்டேன், என் தப்புடா" என்றார்.

"அந்தப் படத்தில இருக்கிறவர் என்னைப் போல இருக்கிறார்தான்" என்றான் டென்னிஸ். அவன் குரலில் பிசிறே இல்லை. சீலன்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசமாட்டான். "ஆனா நான் இல்லை. நான் அன்ரன். எங்கட ஊர் மாதா கோயிலடி."

அதிகாரி பேனாவை மூடினார். "அவரே இல்லைன்னு சொல்றார். இதுக்கு மேல நாங்க ஒண்ணும் செய்யமுடியாதும்மா" என்றார்.

இன்பத்துக்கு மானம் மரியாதை எல்லாம் விட்டுப்போயிற்று. டிவிக்கு அருகே போய் அதன் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புருசன் பேரை அதுவரை அவள் வாயால் சொன்னதில்லை.

"டென்னிசு, ஒன்னக் கும்புடுதேன். என்னயக் காப்பாத்த வேணாம்யா. என்னயத் தெரியும்னு சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லு."

அவள் விசும்பி அழுதாள். டென்னிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காவல்காரன் வந்து அவன் புஜத்தைப் பிடித்து எழுப்பினான். எழுந்தவன் கதவுப் பக்கம் திரும்பிவிட்டு, மறுபடி மேசையை நோக்கிக் குனிந்தான்.

"ஐயா, அந்த அக்கா அழுறா" என்றான். "அவவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்கோ."

டிவி அணைந்தது. இன்ஸ்பெக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். ஏட்டு முத்துக்கிருஷ்ணன் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இன்பம் அதை வாங்கி, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள்.